பொம்மைக்கூடத்து அசல்

அன்று காலை கணக்கம்மா முதலில் எண்ணியது வாளிகளை. மாடிக் கூடத்தில் ஏழு, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, பொம்மைக்கூடத்தில் மூன்று. மொத்தம் பதினொன்று. போன வாரம் ஒன்பதுதான் இருந்தன. கூரையைப் பார்க்க வந்த கட்டட மேஸ்திரி, ஏறினால் இருக்கிற ஓடும் உடையும் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு வருடமாகிவிட்டது. மழை ஆறு நாளாக விடவில்லை. பார்வையாளர் என்று அன்றைக்கு உள்ளே வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். டிக்கெட் கேட்டதும் சுவரோரம் நின்றுகொண்டார்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. கணக்குப் பிரிவில் முன்பு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருத்தி மாற்றலாகிப் போனாள், அந்த இடங்களை யாரும் நிரப்பவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் கணக்கம்மா.

அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. பின்கட்டுப் பட்டறையில் காட்சிப் பொருள்களுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்கிற தச்சர். பெட்டிக்காரர் என்று பேர். ஒரே பேருந்தில் வந்து இறங்குவார்கள். வாசல் தாண்டியதும் அவர் பின்பக்கம் போய்விடுவார், அவள் மாடி ஏறுவாள். அலுவலகத்தில் பேச நேர்ந்தால் அவர் ‘மேடம்’ என்பார், அவள் ‘பெட்டிக்காரரே’ என்பாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

பதினொரு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். சரித்திரம் படித்தவர், எண்களைக் கண்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்று அவள் உட்காருவதற்கு முன்பே துடைத்துக்கொண்டிருந்தார்.

“அரசாங்க மானியம் வந்துடுச்சு” என்றார்.

“எவ்வளவு சார்?”

“மூணுல ஒரு பங்கைக் குறைச்சிட்டாங்க.”

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். சம்பளம், மின்சாரம், காப்பீடு, கூரைக்கு என்று ஒதுக்கிவைக்காத தொகை. “பதினெட்டு லட்சம் துண்டு விழும் சார்.”

“பதினெட்டேதான். வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. தலைவர்கிட்ட போன்ல பேசிட்டேன். அவர் ஒரு வழி சொல்றார்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பல் டாக்டரம்மா நிதிலேர்ந்து பதினெட்டு லட்சம் உள்கடனா எடுத்துக்கலாம், மூணு வருஷத்துல திருப்பிப் போட்டுடலாம்ங்கறார். நீங்க குறிப்பு எழுதணும்.”

“எதுலேர்ந்து திருப்புவோம் சார்?”

“வர்ற வருமானத்துலேர்ந்து.”

“எந்த வருமானம் சார்?”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். நீக்கவேண்டிய ஏழு பதவிகள். முதல் வரியில் ‘பட்டறை - தச்சர் - ஒன்று’ என்றிருந்தது.

“உங்களைப் பயமுறுத்தறதுக்காகக் காட்டல கணக்கம்மா. நாளைக்கு வேற யார் வாயாலயோ கேக்கறதுக்கு, நான் சொல்றது மேல்னு நினைச்சேன். கடன் கிடைச்சா இந்தத் தாளைக் கிழிச்சிப் போட்டுடுவேன்.”

“புரியுது சார்” என்றாள்.

பல் டாக்டரம்மா இறந்து ஒன்பது வருடம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பல் பிடுங்க வருகிற குழந்தைகள் அழாமல் வாயைத் திறப்பதற்காக ஆளுக்கொரு பொம்மையைக் கையில் கொடுப்பார். அப்படி வாங்க ஆரம்பித்து, அதுவே பித்தாகி, போகிற ஊரிலெல்லாம் தகர ரயில், துணிப் பொம்மை, சாவி கொடுத்தால் குட்டிக்கரணம் போடும் குரங்கு என்று ஆயிரத்து நானூறு சேர்த்துவிட்டார். அத்தனையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ள, வீட்டையும் ஆஸ்பத்திரியையும் விற்ற அறுபது லட்சத்தை நிதியாகப் போட்டார். பத்திரத்தைத் தன் கையாலேயே எழுதினார். அசலை எக்காலத்தும் தொடக்கூடாது. வட்டியிலிருந்து பொம்மைகளையும் அவை இருக்கும் பெட்டிகளையும் பழுது பார்க்கலாம். நிரந்தர ஊழியர் யாருக்கும் அதிலிருந்து சம்பளம் போடக்கூடாது. உயிர்போகும் அவசரம் என்று குழு எப்போதாவது கடன் கேட்டால், அது திரும்பி வரும் என்று கணக்கு அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும், குழுவின் வக்கீல் அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும்.

உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வருடக் கடைசியிலும் குடையை வாசலில் சாத்திவிட்டு மாடி ஏறி வருவார். உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு வட்டிக் கணக்கை வரி வரியாகப் படிப்பார். ஒரு தடவை கணக்கம்மாவின் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார். காசு வாங்கவில்லை.

“வட்டி பால்பல்லு மாதிரி. விழுந்தா திரும்ப முளைக்கும்” என்றார் அன்றைக்குப் பஞ்சை அழுத்திக்கொண்டே. “அசல் கடைவாய்ப் பல்லு. புடுங்கினா அவ்வளவுதான். உங்க பெரிய மனுஷங்ககிட்ட சொல்லிவை.”

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு கணக்கம்மா தலையை ஆட்டினாள்.

அப்படித் தலையாட்டியவள், டாக்டரம்மா போன மறு வருடமே எழுதிக் கொடுத்தாள். பார்வையாளர்களுக்குச் சிற்றுண்டிக் கூடம் கட்டுகிறோம், அதிலிருந்து வாடகை கொட்டும், இரண்டு வருடத்தில் திருப்பிவிடலாம் என்றார்கள். பன்னிரண்டு லட்சம். அவளும் நம்பினாள், நம்பாமல் கேள்வி கேட்கிற தைரியம் அப்போது இல்லை என்றும் சொல்லலாம். கூடம் எழும்பியது. குழுத் தலைவரின் மைத்துனர் மகன் அதைப் பத்து வருட ஒப்பந்தத்தில் எடுத்தான். அன்று பேசிய சொற்ப வாடகைதான் இன்றைக்கும். பன்னிரண்டு லட்சத்தில் சல்லிக்காசு திரும்பவில்லை. வருடா வருடம் ‘வரவேண்டிய உள்கடன்’ என்று ஒரு வரி எழுதி அதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலையாயிற்று.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் புருஷன் இல்லை. முந்தின வண்டியில் போய்விட்டார் என்று வாயிற்காவலர் சொன்னார்.

வீடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. மழையில் துணி காயாமல் நடுக்கூடத்தில் கொடி கட்டியிருந்தது. பெட்டிக்காரர் கொடிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு உளி தீட்டிக்கொண்டிருந்தார். அது தீட்டத் தேவையில்லாத உளி. மகள் அடுப்படியில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, தினம் நாற்பது பேருக்கு ஊசி குத்துகிறவள். வீட்டில் இன்னும் பாப்பாதான்.

கணக்கம்மா ஈரக் குடையை விரித்து வைத்தாள்.

“டைரக்டரோட டிரைவர் ஒரு விஷயம் சொன்னான்” என்றார் பெட்டிக்காரர், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நானே சொல்லலாம்னுதான் வந்தேன்.”

“ஊரே சொல்லி முடிச்சப்புறமா? பட்டியல்ல என் பேரு முதல்லயாமே.”

“பேரு இல்லைங்க. பதவி.”

“ரெண்டும் ஒண்ணுதான். அங்க தச்சன் வேற யாரு இருக்கா?” உளியைத் துடைத்துத் துணியில் வைத்தார். “நீ ஒரு காகிதம் எழுதினா பட்டியலே இல்லைங்கறான். நிஜமா?”

“நிஜந்தான்.”

“அப்ப எழுது.”

அவள் கொடியில் தொங்கிய துண்டைத் தொட்டுப் பார்த்தாள். காயவில்லை. “அது திரும்பி வரும்னு நான் எழுதணுங்க. வராது. எனக்குத் தெரியும்.”

“எட்டு வருஷம் முன்னால எழுதினியே, அப்ப தெரியலையா?”

“அன்னிக்கு எழுதினதாலதான் இன்னிக்குக் கை வர மாட்டேங்குது.”

பெட்டிக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிற்பாடு பல நாள் அவள் நினைத்துக்கொண்டாள். “எவனோ உக்காந்து காபி குடிக்க எழுதின கைதானே? என் சோத்துக்கு மட்டும் வர மாட்டேங்குதா?”

அடுப்படியில் தோல் சீவுகிற சத்தம் நின்றது. பாப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பணம் யாரோடது இப்போ? டாக்டரம்மா செத்துப் போயாச்சு. அவங்களுக்குப் புள்ள குட்டி கிடையாது. யாரு வந்து கேக்கப் போறா?”

“யாரும் கேக்க மாட்டாங்க. அதான் பயமா இருக்கு.”

“பொம்மைக்குப் பாவம் பாக்குற. அப்பாவுக்குப் பாக்க மாட்டியா?”

“பாப்பா, பதினெட்ட இப்ப எடுத்தா அடுத்த வருஷம் மறுபடி துண்டு விழும். மறுபடி எடுப்பாங்க. இருக்கறது நாப்பத்தெட்டு. மூணாவது வருஷம் தொடைச்சு வெச்சுடும். அப்பவும் இந்த ஏழு பேரும் வீட்டுக்குத்தான் போகப்போறாங்க. விதைநெல்லை ஆக்கித் தின்ன கதைதான்.”

“மூணு வருஷம்” என்றார் பெட்டிக்காரர் மெதுவாக. “நீயே சொல்லிட்ட. எனக்கு இப்ப ஐம்பத்தஞ்சு. மூணு வருஷம் ஓட்டினா முழு ஓய்வூதியம். இப்ப வெளிய வந்தா அதுல பாதி. இந்தக் கணக்கு உனக்குத் தெரியாதா, கணக்கம்மா?”

வீட்டுக்குள் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தெரியும். காலையில் இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்ததும், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் போட்ட முதல் கணக்கே அதுதான். அவர் ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம், பத்து நாள். ஆண்டவனே அளந்து கொடுத்ததுபோல் அந்த நிதி அவருக்குச் சரியாகப் போதும்.

“வேற ஏதாவது சொல்லலாமா பாக்கறேங்க. சிற்றுண்டிக் கூடத்து வாடகையை ஏத்தச் சொல்லி...”

“தலைவர் மச்சான் மகன் கடைக்கா?” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எழுந்து, உளிகளைச் சுருட்டிக் கட்டி, அலமாரியின் மேல் வைத்தார். மூன்று பேரும் உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் தின்றார்கள். உப்பு அதிகம் என்று கூட யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவள் குறிப்பை எழுதினாள். மூன்று தடவை கிழித்துப் போட்டாள். முதல் தடவை, ‘திரும்ப வர வாய்ப்பிருக்கிறது’ என்றே எழுதியிருந்தாள். அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாத வரி. வாய்ப்பு எதற்குத்தான் இல்லை? கீழே பட்டறையிலிருந்து இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அந்தச் சத்தத்துக்கு இருபத்தாறு வருடம் பழகிய காது. நின்றால்தான் கேட்கும்.

கடைசியில் எழுதியது ஒரு பக்கம்தான். முன்பு எடுத்த பன்னிரண்டு லட்சம் திரும்பவில்லை. அது திரும்பும் என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான், அது தவறு. இந்தப் பதினெட்டு லட்சத்தைத் திருப்ப வருமானம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. சிற்றுண்டிக் கூடத்தின் வாடகையைச் சந்தை வாடகைக்கு உயர்த்தினால் வருடத்துக்கு நாலு லட்சம் வரும். ஏழில் இரண்டு பதவியையாவது காப்பாற்றலாம். குழு யோசிக்க வேண்டும்.

வியாழக்கிழமை குழு கூடியது. நீள மேசை, ஒன்பது நாற்காலி, கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர். தலைவர் துணி மில் முதலாளி. நாற்பது வருடமாகக் கூட்டம் நடத்திப் பழகியவர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவருக்கு வலப்பக்கம் வக்கீல். கடைசி நாற்காலியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, காதில் கருவி, மடியில் கைப்பை. மற்றவர்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தவர்கள்.

கணக்கம்மா நின்றுகொண்டு வாசித்தாள். வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தாள்.

“அம்மா” என்றார் தலைவர், ரொம்ப அன்பாக. “நாங்க உங்களை வழி கேட்டோம். நீங்க சட்டம் எழுதிட்டு வந்திருக்கீங்க.”

“எனக்கு வழி தெரியல சார். தெரிஞ்சதை எழுதினேன்.”

“இதை மறுபடி ஒருதரம் பாத்து, ஒரு வரி மட்டும் மாத்தி எழுதலாமில்ல? அவசரமில்ல. அரை மணி நேரம் தர்றோம்.”

“அரை மணில வருமானம் வந்துடாது சார்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் குறிப்பை விரலால் தட்டினார். “மாத்தி எழுதினாலும் பிரயோஜனமில்லீங்க. ஒன்பது பேர் காதுல விழுந்தாச்சு. இனி இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா என் வக்கீல் தொழிலே போயிடும்.”

தலைமையாசிரியை கருவியைத் திருகிக்கொண்டு கேட்டார்: “அந்தப் பன்னிரண்டு லட்சம் என்னாச்சுன்னு யாராவது சொல்லுங்களேன்.”

“அது பழைய விஷயம் டீச்சர். அடுத்த வருஷ அஜெண்டாவுல வெச்சுக்கலாம்.”

“வாடகையை ஏத்தறது?”

“ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஒப்பந்தத்தை மீறச் சொல்றீங்களா?” தலைவர் சுற்றிலும் பார்த்தார். “இப்பதான் நம்ம கணக்கம்மா எழுத்துக்கு மதிப்புக் கொடுக்கணும்னு பாடம் எடுத்தாங்க.”

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், கிடைக்கவில்லை, மூடிவிட்டார்.

அதற்குமேல் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதக் கடைசியோடு ஏழு பதவிகளை நீக்குவது என்று தீர்மானம் வந்தது. கை தூக்கினவர்கள் எட்டு. தூக்காதவர் தலைமையாசிரியை மட்டும். எழுந்திருக்கும்போது தலைவர், “கணக்கு அதிகாரியோட நேர்மையைக் குழு பாராட்டுதுன்னு மினிட்டுல ஒரு வரி சேருங்க” என்றார். இயக்குநர் சேர்த்தார். அந்த மினிட்டைச் சுத்தமாகத் தட்டச்சு செய்யவேண்டிய வேலையும் கணக்கம்மாவுடையதுதான். தன் பாராட்டைத் தானே தட்டச்சு செய்து, நகல் எடுத்து, கோப்பில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து வாயிற்காவலர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தம்பியும் பட்டியலில் இருந்தான். துடைக்கிற பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் கேட்டே விட்டாள்: “சொந்தப் புருஷனுக்கே பாக்காதவங்க எங்களுக்கா பாத்திருக்கப் போறீங்க? விடுங்கம்மா.” அவளிடம் சொல்ல ஒரு பதில் இருந்தது, மூன்று வருடக் கணக்கு, நாற்பத்தெட்டு, பதினெட்டு எல்லாம் சேர்ந்த பதில். கணக்கம்மா மாடி ஏறிப் போனாள்.

மாதக் கடைசி நாள் ஏழு பேரும் கணக்குப் பிரிவில் வரிசையில் நின்றார்கள். பெட்டிக்காரர் ஐந்தாவது. சலவை செய்த சட்டை போட்டிருந்தார். அதை அன்று காலை இஸ்திரி போட்டது அவள்தான். கேட்டுப் போடவில்லை, நாற்காலியில் கிடந்ததை எடுத்துப் போட்டாள். அவரும் அதை மாட்டிக்கொண்டார்.

“எங்க போடணும் மேடம்?” என்றார்.

“மூணு எடத்துல. இங்க, இங்க, அடியில.”

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்னால் நின்றவன் கால் மாற்றி நின்றான். எடுக்காத விடுப்புக்கு உள்ள தொகையில் விரல் நின்றது.

“இதுல நாலு நாள் குறையுதே.”

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். குறையவில்லை. “பாப்பாவுக்கு டைபாய்டு வந்தப்ப எடுத்தீங்க” என்றாள், தாழ்ந்த குரலில்.

“ஆமா” என்றார். கையெழுத்துப் போட்டார். “இழைப்புளி நாலும் என் சொந்தம். வெளிய எடுத்துட்டுப் போகச் சீட்டு வேணும்.”

சீட்டு எழுதிக் கொடுத்தாள். பொருள்: இழைப்புளி. எண்ணிக்கை: நாலு. உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயரை முழுசாக எழுதினாள். எழுதி எத்தனையோ காலமாகிவிட்டதால் இனிஷியலில் பேனா தயங்கியது. அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் ஆறாவது ஆளைக் கூப்பிட்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு அலமாரிக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. மரமே இல்லாத வேலை. எந்திரத்தில் அறுத்து வருகிற மரத்தூள் பலகைகளில் ஏற்கெனவே ஓட்டை இருக்கும், திருகாணி முடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு அலமாரி. பாதி வயசுப் பையன்கள் எட்டு முடித்தார்கள். ஆறரைக்கே கிளம்பிவிடுவார். வீட்டில் பேச்சு ஒழிந்துபோனது. உப்பு, சோப்பு, மின்சார பில் என்று ஒற்றை வார்த்தைகள். பாப்பாதான் இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்தாள். “அப்பா, அம்மா நாளைக்கு லேட்டா வருமாம்.” “அம்மா, அப்பாவுக்குக் கை வலியாம், தைலம் எங்க?” தைலத்தை எடுத்துக் கொடுத்தால் பாப்பாதான் தேய்த்துவிடுவாள். கணக்கம்மா பாத்திரம் கழுவுவாள்.

அவள் எழுதியது தப்பா சரியா என்று அவளுக்கே நாளுக்கு ஒரு மாதிரி தோன்றியது. வங்கியிலிருந்து வட்டி வந்த அன்று, நாற்பத்தெட்டு லட்சமும் ஒரு பைசா குறையாமல் இருக்கிறதைப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. பூட்டிய பட்டறையைத் தாண்டி நடந்தபோது துக்கமும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பொம்மைக்கூடத்தின் பெரிய பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மரக்குதிரை நிற்கிற பெட்டி, ஆள் உயரம். அடிப்பலகை ஊறிப் புடைத்துக் கதவு சிக்கிக்கொண்டது. கண்ணாடி எந்த நேரமும் விண்டுவிடும் போலிருந்தது. சரிசெய்ய வட்டியில் பணம் இருந்தது. வெளி ஆளுக்குக் கொடுக்கப் பத்திரம் தடை சொல்லவில்லை. மூன்று பேரிடம் மூடிய உறையில் விலை கேட்க வேண்டும் என்பது விதி.

“உங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேளுங்க” என்றார் இயக்குநர். “அவர் செஞ்ச பெட்டிதானே. நியாயமா அவருக்கே போகட்டும். எனக்கும் மனசு கேக்கல.”

கணக்கம்மா படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். “பெரிய பெட்டி ஊறிடுச்சு. விலை கேட்டிருக்காங்க” என்றாள். அவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உறை ஒட்டி, தபாலில், அலுவலகத்துக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னால் மூன்று உறைகளையும் பிரித்தாள். முதல் ஆள் முப்பத்தையாயிரம். இரண்டாவது ஆள் இருபத்தொன்பது. பெட்டிக்காரர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

“சுழி ஏதாவது கூடப் போட்டுட்டாரா?” என்றார் இயக்குநர்.

“எழுத்துலயும் எழுதியிருக்கார் சார்.”

இருபத்தொன்பதாயிரத்துக்காரனுக்கு உத்தரவு போயிற்று.

அன்று சாயங்காலம் பாப்பா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. பெட்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தார். கணக்கம்மா தைலப் புட்டியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திறந்து, கையை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

“யாரு எடுத்தது?” என்றார்.

“சந்தை முக்குல ஜன்னல் செய்யறவன்.”

“எவ்வளவுக்கு?”

“இருபத்தொன்பது.”

“கோந்துல ஒட்டிட்டுப் போயிடுவான். அடுத்த மழைக்குத் தாங்காது.”

“நீங்க ஏன் அப்படிப் போட்டீங்க?”

“இப்ப வெளியாள் உள்ள போகணும்னா வாசல்ல நோட்டுல பேரெழுதி, யாரைப் பாக்க வந்தோம்னு எழுதணுமாமே. என்னால முடியாது. கம்மியா போட்டா எனக்கே வந்துடும். போடாம விட்டா, பயந்துட்டான்னு நினைப்பாங்க. அதான் கூட்டிப் போட்டேன்.”

“வேலை வேண்டாம்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“உன்கிட்ட என்னத்தைச் சொல்றது?”

அவள் கட்டைவிரலால் மணிக்கட்டு எலும்பைச் சுற்றித் தேய்த்தாள். வீக்கம் இருந்தது.

“நீ எழுதினது சரிதான்” என்றார் அவர். “அன்னிக்கே தெரியும். மூணு தடவை யோசிச்சுப் பாத்தேன், சரியாத்தான் வருது. சரின்னதால மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாத.”

“நினைக்கல.”

“மன்னிக்க முடியுமான்னும் தெரியல.”

“சரிங்க.”

தெருவில் ஒரு வண்டி தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“அந்த ஜன்னல்காரன் என்னிக்கு வர்றான்?”

“திங்கக்கிழமை.”

“பேனா எடு. முதல்ல குதிரையை வெளிய எடுக்கச் சொல்லு. வாலைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது, வால் தனியா சொருகினது, கையோட வந்துடும். வயித்துக்குக் கீழ ரெண்டு பேர் கை குடுக்கணும். எழுதினியா?”

“எழுதறேன்.”

“கதவு சிக்கியிருக்குன்னு நெம்பக் கூடாது. பின்பக்கம் மேல் சட்டத்துல வெளிய தெரியாம ரெண்டு ஆப்பு வெச்சிருக்கேன். எடதுபக்க ஆப்பை முதல்ல தட்டணும். மாத்தித் தட்டினா கண்ணாடி போயிடும்...”

அவர் சொல்லிக்கொண்டே போனார். அடிப்பலகைக்கு எந்த மரம், எத்தனை நாள் காய வேண்டும், ஆணி எங்கே கூடாது. இரண்டு மாதத்தில் அவர் அவளிடம் பேசிய அத்தனையையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. அவள் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். தாள் ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிக்கொண்டாள்.